டர்போ வண்டிக்கு இஞ்சின் வேலை: எதில் சிக்கனம் செய்யலாம், எதில் கூடாது?

மளிகைக் கடையானாலும் மண்டியானாலும், சொந்தமாக ஒரு சரக்கு வண்டி வைத்திருக்கும் வணிகர்களுக்கு என்றேனும் ஒரு நாள் வந்தே தீரும் செலவு இஞ்சின் வேலை. வண்டி மேட்டில் இழுக்கவில்லை, புகை தள்ளுகிறது, ஆயில் குறைகிறது என்று டிரைவர் வந்து நிற்பார். மெக்கானிக் ஒரு தொகை சொல்வார். வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் வாடகை வண்டிக்குத் தனியாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆகவே, "சீக்கிரம் முடியுங்கள், குறைவாக முடியுங்கள்" என்பதே நம்மில் பெரும்பாலோர் சொல்லும் பதில். டர்போ இல்லாத பழைய இஞ்சின் இந்த அவசரத்தை ஓரளவு பொறுத்துக் கொள்ளும். டர்போ உள்ள இஞ்சின் பொறுக்காது. கைமேல் மிச்சம் பிடித்த பணத்தைப் போல இரண்டு பங்கை, மறுபடியும் பிரிக்கும்போது வாங்கிக் கொண்டுவிடும்.

இன்னொரு கேள்வியும் உண்டு. டர்போ இல்லாத வண்டிக்கு இஞ்சின் வேலை செய்யும்போதே, பழைய சாமான் கடையில் கிடைக்கும் ஒரு டர்போவையும் மாட்டிவிட்டால் இழுவை கூடுமே, அதே வண்டியில் கூடுதல் மூட்டை ஏற்றலாமே என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. டர்போவின் அழுத்தத்தைத் தாங்குவதற்கு இஞ்சினுக்குள் என்னென்ன இருக்க வேண்டும் என்று தெரிந்து கொண்டால், எந்தச் செலவு அவசியம், எது வீண் என்பதை நாமே பிரித்துப் பார்க்கலாம்.

ஊதாங்குழல் கணக்கு

விறகடுப்பில் ஊதாங்குழலால் ஊதினால் அதே விறகு கொழுந்துவிட்டு எரிகிறது. காற்று கூடுதலாகப் போகிறது, அவ்வளவுதான். இஞ்சினுக்கும் இதுவே விதி. பெட்ரோல் இஞ்சினில் 1 கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். டீசலுக்கு அதைவிடவும் தாராளமாகக் காற்று வேண்டும். காற்று போதவில்லையென்றால் எவ்வளவு டீசலை ஊற்றினாலும் அது கரும்புகையாகத்தான் வெளியே போகும், இழுவையாக மாறாது.

டர்போ என்பது சைலன்சர் வழியாக வீணாகப் போகும் புகையின் வேகத்தைக் கொண்டே சுழலும் ஒரு காற்றாடி. ஒரே தண்டின் ஒரு முனையில் புகை தள்ளும் சக்கரம். மறு முனையில் காற்றை அழுத்தி இஞ்சினுக்குள் திணிக்கும் சக்கரம். சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி 1905இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். வெளிக்காற்றின் அழுத்தத்துக்குச் சமமான அழுத்தத்தை டர்போ கூடுதலாகக் கொடுத்து, அந்தக் காற்றை இன்டர்கூலர் நன்றாகக் குளிர்வித்தால், 1500 சி.சி. இஞ்சினுக்குள் ஏறக்குறைய 3000 சி.சி. இஞ்சினுக்கான காற்று போகிறது. சிறிய இஞ்சின் பெரிய சுமை இழுப்பதன் ரகசியம் இதுதான்.

ஆனால் இதில் இனாம் எதுவும் கிடையாது. காற்றை அழுத்தினால் அது சூடாகும். நம் ஊர் வெயிலில் டர்போவை விட்டு வெளியே வரும் காற்று 100 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். சிலிண்டருக்குள் அழுத்தமும் வெப்பமும் ஏறுகின்றன. பிஸ்டன், ரிங், ஹெட் கேஸ்கெட், பேரிங் எல்லாமே கூடுதல் சுமையைத் தாங்க வேண்டும். டர்போவின் தண்டோ நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது. அதைத் தாங்குவது நாம் ஊற்றும் ஆயிலின் மெல்லிய படலம்.

கம்பெனிக்காரர் என்ன மாற்றுகிறார்?

ஒரே இஞ்சினை டர்போ இல்லாமலும் டர்போவுடனும் விற்ற கம்பெனிகள் பல உண்டு. இரண்டுக்கும் உள்ளே இருந்த வித்தியாசத்தைப் பார்த்தாலே பாடம் புரியும். ஸ்வீடனின் வால்வோ கம்பெனி 1980களில் கொண்டுவந்த 2.3 லிட்டர் பெட்ரோல் இஞ்சினை எடுத்துக் கொள்வோம். டர்போ இல்லாத பி230எஃப் இஞ்சினின் கம்ப்ரஷன் விகிதம் 9.8. டர்போ வைத்த பி230எஃப்டி இஞ்சினில் அதையே 8.7 ஆகக் குறைத்தார்கள். வெளியிலிருந்தே அழுத்திய காற்று வரும்போது, உள்ளேயும் அதே அளவு அழுத்தினால் பெட்ரோல் நேரம் கெட்டு வெடித்து பிஸ்டனை உடைத்துவிடும் என்பதே காரணம். 1990 மாடலிலிருந்து இந்த இஞ்சின்களின் கனெக்டிங் ராடுகளும் தடித்தன. இன்றும் அமெரிக்காவிலும் ஸ்வீடனிலும் குறைந்த செலவில் பழைய வால்வோவுக்கு டர்போ கட்டுபவர்கள், முதல் வேலையாக அந்தத் தடித்த ராடு உள்ள இஞ்சினைத் தேடி வாங்குகிறார்கள். பிற்பாடு ஆயிரம் செலவு செய்வதைவிட, ஆரம்பத்தில் சரியான சரக்கைத் தேர்ந்தெடுப்பது மலிவு என்று அவர்கள் கண்டிருக்கிறார்கள். கொள்முதல் தெரிந்த நமக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு நேர்மாறான உதாரணமும் உண்டு. அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் கம்பெனி 1962இல் ஜெட்ஃபயர் என்ற டர்போ காரை விற்பனைக்கு விட்டது. கம்ப்ரஷன் விகிதத்தை 10.25 என்றே உயரமாக வைத்துக் கொண்டு, வெப்பத்தை அடக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தை இஞ்சினுக்குள் தெளிக்கும்படி செய்தார்கள். அந்தத் தொட்டியை வாடிக்கையாளர்தான் அவ்வப்போது நிரப்ப வேண்டும். பலர் நிரப்பவில்லை. தொட்டி காலியானால் டர்போவின் அழுத்தம் அடைக்கப்படும், வண்டி மந்தமாகும். 1963உடன் அந்தக் கார் நின்றே போயிற்று. பின்னர் பல கார்களில் டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டரை மாட்டிக் கொடுத்தார்கள். இஞ்சினை அழுத்தத்துக்குத் தகுந்தபடி கட்டாமல், வெளியே ஒரு ஏற்பாட்டைத் தொங்கவிட்டதன் விளைவு இது.

டீசலிலும் இதே கதைதான். டர்போவுக்கென்று கட்டிய டீசல் இஞ்சின்களில் பிஸ்டனின் அடிப்புறத்தில் ஆயிலைப் பீய்ச்சிக் குளிர்விக்கும் சிறு குழாய்கள், மேல் ரிங் உட்காரும் இடத்தில் தேய்மானம் தாங்கும் வார்ப்பு வளையம், பெரிய ஆயில் பம்பு, பெரிய ரேடியேட்டர் ஆகியவை பெரும்பாலும் இருக்கும். 2005இல் வந்த நம் "குட்டி யானை"யின் முதல் இஞ்சின் 702 சி.சி., இரண்டு சிலிண்டர், 16 குதிரைத் திறன், டர்போ கிடையாது. 2011இல் வந்த தோஸ்த் மூன்று சிலிண்டர். டர்போவுடனேயே வடிவமைத்த இஞ்சின். முன்னதில் ஒரு டர்போவை மாட்டினால் அது பின்னதாகிவிடாது. பிஸ்டன், குளிர்ச்சி, ஆயில் பம்பு மட்டுமல்ல. கிளட்ச், கியர் பாக்ஸ், பிரேக் வரை எல்லாமே 16 குதிரைக்கு அளந்தவை.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆவது பிரிவுப்படி, பதிவுச் சான்றிதழில் கம்பெனி குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. விபத்து நேர்ந்து இன்ஷூரன்ஸ் கேட்கப் போகும்போது, அனுமதியில்லாத மாற்றம் நமக்கு எதிராக நிற்கக்கூடும். ஆகவே டர்போ இல்லாத கடை வண்டிக்கு டர்போ மாட்டும் யோசனையை விட்டுவிடுவதே நல்லது. இழுவை போதவில்லையென்றால் அடுத்த வண்டியை டர்போவுடன் வாங்கலாம். இனி சொல்லப்போவது டர்போவுடனேயே வந்த வண்டிகளைப் பற்றி.

பிரிப்பதற்கு முன்

புகை வந்தவுடன் இஞ்சின் வேலை என்று முடிவு கட்ட வேண்டாம். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. அது ரிங் வழியாகவும் வரலாம், டர்போவின் சீல் வழியாகவும் வரலாம். டர்போ மட்டும் கெட்டிருக்க, முழு இஞ்சினையும் பிரித்துச் செலவு செய்தால் அது முற்றிலும் வீண் செலவு. வெள்ளைப் புகையும் தண்ணீர்க் குறைவும் சேர்ந்து வந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். கரும்புகை பெரும்பாலும் காற்றுக் குறை: அடைத்த ஃபில்டர், கிழிந்த இன்டர்கூலர் குழாய், கெட்ட நாசில். கிழிந்த குழாயை மாற்றுவது ஒரு மணி நேர வேலை.

ஆகவே முதலில் கம்ப்ரஷன் கேஜ் வைத்து எல்லாச் சிலிண்டரையும் பார்க்கச் சொல்லுங்கள். சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அடுத்து, டர்போவின் காற்றுக் குழாயைக் கழற்றி, சக்கரத்தை விரலால் அசைத்துப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் கொஞ்சம் ஆட்டம் இருப்பது இயல்பே. ஆயில் படலத்தில் மிதக்கும் தண்டு அது. முன்னும் பின்னும் ஆடினாலோ, சக்கரத்தின் இதழ் கூட்டில் உரசிய தடம் இருந்தாலோதான் டர்போ போயிற்று என்று பொருள். இந்தச் சோதனைகளுக்குக் கொடுக்கும் கூலிதான் இந்த வேலையிலேயே மிக லாபகரமான செலவு என்பது என் கருத்து.

லேத் பட்டறையில்

பிரித்தாகிவிட்டது. இனிப் பணம் போக வேண்டிய இடம் பளபளக்கும் சாமான் அல்ல; அளவெடுப்பும், அரைப்பும், கழுவுதலும்தான்.

சிலிண்டர் தேய்ந்திருந்தால் இரண்டு வழி. லைனர் உள்ள இஞ்சினில் புது லைனர் போடலாம், பழைய அளவே திரும்பிவிடும். லைனர் இல்லாததில் போர் அடித்து 0.25 அல்லது 0.50 மி.மீ. பெரிய பிஸ்டன் போட வேண்டும். தேவைக்கு மேல் அடிக்க விடாதீர்கள். சுவர் மெலிந்தால் டர்போவின் அழுத்தத்தில் சிலிண்டர் வட்டம் கெடும். அளந்து பார்த்ததில் தேய்மானம் வரம்புக்குள் இருந்தால், ஹோனிங் செய்து புது ரிங் போட்டால் போதும். அப்படிப்பட்ட பிளாக்கிலும் "எதற்கும் போர் அடித்துவிடுவோம்" என்பார்கள். மைக்ரோமீட்டர் காட்டும் எண்ணைக் கேளுங்கள்.

ரிங் இடைவெளி என்று ஒன்று உண்டு. ரிங்கைச் சிலிண்டருக்குள் வைத்தால் அதன் இரு முனைகளுக்கும் நடுவே இருக்கும் சந்து. 100 மி.மீ. போருக்கு டர்போ இல்லாத பெட்ரோல் இஞ்சினில் மேல் ரிங்குக்குச் சுமார் 0.40 மி.மீ. வைப்பார்கள், டர்போ வைத்ததில் 0.50 முதல் 0.60 வரை வைப்பது வழக்கம். சூட்டில் ரிங் நீளும். சந்து போதாமல் முனைகள் ஒன்றோடொன்று முட்டினால் ரிங்குக்கு மேலிருக்கும் பிஸ்டன் விளிம்பு பிய்ந்துவிடும். உங்கள் இஞ்சினுக்குக் கம்பெனிப் புத்தகம் சொல்லும் அளவே இறுதி. ஃபீலர் கேஜ் வைத்து ஒவ்வொரு ரிங்கையும் பார்க்க அரை மணி நேரம்கூட ஆகாது. இதைச் செய்யாமல் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டுவது பரவலாக நடக்கிறது.

கிராங்க் தண்டில் கீறலோ கோணலோ இல்லாமல், அளவும் வரம்புக்குள் இருந்தால் பாலிஷ் போதும், அரைக்க வேண்டியதில்லை. பேரிங்குக்கும் தண்டுக்கும் இடையிலான இடைவெளி, தண்டின் விட்டத்தில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு: 50 மி.மீ. தண்டுக்கு 0.05 மி.மீ. கிராங்க் அரைத்து வந்தால் அதன் ஆயில் துளைகளைக் கம்பித் தூரிகை விட்டுக் கழுவ வேண்டும். அரைத்த துகள் அந்தத் துளைகளுக்குள் தங்கிவிடும். இஞ்சின் ஓடத் தொடங்கியதும் புதுப் பேரிங்கை அது அறுக்கும். பல இஞ்சின்கள் ரிப்பேராகி வந்த சில நாட்களிலேயே சத்தம் கொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மண்ணெண்ணெயும் தூரிகையும்தான் செலவு. ஆனால் யாராவது பக்கத்தில் நின்று கேட்டால்தான் நடக்கிறது.

ஹெட்டைச் சமதளம் பார்க்க வேண்டும். அலுமினிய ஹெட்டில் 0.05 மி.மீ.க்கு மேல் வளைவிருந்தால் ஃபேஸிங் அடிப்பது நல்லது. டர்போ இஞ்சினில் முதலில் ஊதுவது ஹெட் கேஸ்கெட். குக்கரின் ரப்பர் வளையம் தளர்ந்தால் என்ன ஆகுமோ, அதுவேதான். இழுபடும் வகை ஹெட் போல்ட்டுகளை ஒருமுறை கழற்றினால் மறுபடி போடக் கூடாது. முறுக்குவதும் டார்க் ரென்ச்சால், கம்பெனி சொன்ன வரிசையில் நடக்க வேண்டும். கைப்பழக்கம் இங்கே கணக்கில் சேராது.

ஒரே ஒரு பிஸ்டனையோ ராடையோ மட்டும் மாற்றினால், மற்றவற்றோடு எடை ஒத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வித்தியாசம் அதிகமானால் இஞ்சின் அதிரும். இதற்குப் பட்டறையில் வசதி இல்லையென்றால் நம் கடையின் எலெக்ட்ரானிக் தராசை எடுத்துச் செல்லலாம். ஒரு கிராம் வரை காட்டும் தராசு இதற்குப் போதும். மளிகைக்காரருக்கு இஞ்சின் வேலையில் கைகொடுக்கும் சொந்தக் கருவி அது ஒன்றுதான்!

டர்போவும் ஆயிலும்

டர்போ கெட்டிருந்தால் முழு டர்போவையும் புதிதாக வாங்க வேண்டும் என்பதில்லை. கூடுகள் நன்றாக இருந்தால், தண்டும் சக்கரங்களும் அடங்கிய நடுப்பகுதியை மட்டும் மாற்றலாம். அது இயந்திரத்தில் பேலன்ஸ் பார்த்ததாக இருக்க வேண்டும். லட்சம் சுற்றில் சுழலும் சாமானைக் கண்மதிப்பில் பேலன்ஸ் செய்ய முடியாது.

புது நடுப்பகுதியைப் போட்டுவிட்டுப் பழைய ஆயில் குழாயையே மாட்டுவது கெட்ட சிக்கனம். சூட்டில் ஆயில் கருகிக் கரியாகி அந்தக் குழாயை உள்ளே சுருக்கியிருக்கும். புது டர்போவும் ஆயிலின்றிப் போகும். குழாயைப் புதிதாகப் போட்டு, வடிகுழாய் மடங்காமல் கீழ்நோக்கி இறங்குகிறதா என்றும் பாருங்கள்.

இன்டர்கூலரைக் கழற்றி உள்ளே தேங்கிய ஆயிலையும் உடைந்த துணுக்குகளையும் கட்டாயம் கழுவ வேண்டும். டீசல் இஞ்சின் அந்த ஆயிலை உறிஞ்சினால், அதையே எரிபொருளாக வைத்துக் கொண்டு தானாக வேகமெடுக்கும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. காற்று வரும் வழியை அடைத்தோ, பிரேக்கை முழுதாக மிதித்துக்கொண்டு பெரிய கியரில் கிளட்சை விட்டோதான் நிறுத்த முடியும். டிரைவருக்கு இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஓடும் இஞ்சினின் காற்றுக் குழாயை வெறுங்கையால் அடைக்க முயலக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஆயில் எது என்பதை வண்டியின் கையேடு சொல்லும். 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 டீசல் வண்டிகளில் பெரும்பாலும் புகை வடிகட்டி இருக்கிறது. அவற்றுக்குச் சாம்பல் குறைந்த தனி ஆயில் வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதென்று வேறு ஆயில் ஊற்றினால் வடிகட்டி அடைத்துக் கொள்ளும்.

எங்கே மிச்சம் பிடிக்கலாம்?

சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழைய உதிரிப் பாகங்கள் கிடைக்கின்றன. மேனிஃபோல்டு, பிராக்கெட், டர்போவின் கூடு, ஓட்டையில்லாத இன்டர்கூலர் ஆகியவற்றைப் பழையதாக வாங்குவதில் தவறில்லை. மேனிஃபோல்டில் மட்டும் விரிசல் பார்த்து வாங்க வேண்டும். ரேடியேட்டரைக் கழற்றி அடைப்பெடுத்தால் பல சமயம் புதிது தேவைப்படாது. வால்வுகளை அரைத்து உட்கார வைக்கலாம். ஆனால் ரிங், பேரிங், கேஸ்கெட், ஆயில் பம்பு, டைமிங் பெல்ட், ரப்பர் குழாய் ஆகியவற்றில் பழையதையும் போலியையும் நெருங்க விடக் கூடாது. நம் கடையில் போலிப் பொட்டலத்தை எப்படிப் பார்த்துக் கண்டுபிடிக்கிறோமோ, அதே கண்ணோடு அச்சு, முத்திரை, விலைச் சீட்டு எல்லாம் பாருங்கள்.

பில் வாங்குங்கள். உதிரிப் பாகங்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். வியாபாரத்துக்கு ஓடும் சரக்கு வண்டியின் ரிப்பேருக்குச் செலுத்திய வரியை, சாதாரண முறையில் பதிவு பெற்ற வணிகர் உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக் கொள்ள வழி உண்டு. சட்டத்தின் 17(5) பிரிவு தடுப்பது ஆள் ஏற்றும் சிறு வாகனங்களைத்தானே தவிர, சரக்கு வண்டிகளை அல்ல. காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இந்த வசதி இல்லை. பில் இல்லாமல் சற்றுக் குறைவாகக் கொடுத்தோம் என்று மகிழ்பவர், இந்த வரவையும், சாமான் கெட்டால் திருப்பிக் கேட்கும் உரிமையையும் சேர்த்தே இழக்கிறார்.

வேலை முடிந்து முதன்முறை ஸ்டார்ட் செய்யும் முன் டர்போவின் ஆயில் துளையில் ஆயில் ஊற்றி, டீசல் போகாதபடி செய்து, ஆயில் பிரஷர் விளக்கு அணையும் வரை செல்ஃபை விட்டுவிட்டுச் சுழற்ற வேண்டும். முதல் 1000 கிலோமீட்டருக்கு முழு லோடு வேண்டாம். அதற்காகக் காலியாக நிறுத்தி உறும விடவும் வேண்டாம். மிதமான சுமையில் ஓடினால்தான் ரிங் படியும். அதன்பின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட வேண்டும். தினமும் காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் அரை நிமிடம், நெடுந்தூரமோ மேடோ ஏறி வந்து நிறுத்தும் முன் ஒன்றிரண்டு நிமிடம் இஞ்சினை மெதுவாக ஓடவிட்டு அணைக்கும்படி டிரைவரிடம் சொல்லுங்கள். சூட்டோடு சட்டென்று அணைத்தால் டர்போவுக்குள் நிற்கும் ஆயில் கருகும். மேலே சொன்ன கரி அங்கிருந்துதான் தொடங்குகிறது.